லூப் எப்போது நிற்கும்? – ஜாவாஸ்கிரிப்டில் மடக்குகள்

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னால் நமக்குப் பத்தாவது முறையிலேயே அலுத்துவிடும். கம்ப்யூட்டருக்கு அலுப்பு என்பதே கிடையாது. பத்து முறை என்றாலும் பத்து லட்சம் முறை என்றாலும் முகம் சுளிக்காமல் செய்யும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதற்குப் புரோகிராமில் நாம் எழுதும் கட்டளைக்கு லூப் என்று பெயர். தமிழில் மடக்கு என்கிறோம்.

நீங்கள் தினமும் பார்க்கும் வலைத்தளங்கள் எல்லாம் லூப்புகளால் ஆனவை. ரயில் முன்பதிவுத் தளத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கு வண்டி தேடுகிறீர்கள். வரிசையாக வண்டிகளின் பட்டியல் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரிக் கட்டம், ஒரே மாதிரி எழுத்து, ஒரே மாதிரி பட்டன். அந்தக் கட்டத்தைப் புரோகிராமர் ஒரே ஒரு முறைதான் எழுதியிருப்பார். எத்தனை வண்டிகள் உள்ளனவோ அத்தனை முறை அதனைத் திரையில் வரைவது லூப்பின் வேலை. மின்னஞ்சல் பெட்டியில் உள்ள கடிதங்களின் பட்டியலும், ஆன்லைன் கடைகளில் வரும் பொருட்களின் வரிசையும் இதே கதைதான்.

லூப்பைத் தொடங்குவது எளிது. அது எங்கே, எப்போது நிற்கும் என்பதைச் சரியாகச் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் துறையில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்க்கும்போது, லூப் ஒன்றைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வியே "இது எங்கே நிற்கும்?" என்பதுதான். இந்தப் பாடம் முழுவதும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே செல்வோம்.

தேவையானவை

தனியாக எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம், இறக்க வேண்டாம். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் ஆகிய பிரவுசர்களில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும். இவை மூன்றுமே ஜாவாஸ்கிரிப்ட் மொழியை இயக்கக்கூடியவை. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் 1995-ஆம் ஆண்டு உருவாக்கிய மொழி இது. இன்றும் பிரவுசருக்குள் ஓடும் முதன்மையான மொழி இதுவே.

பிரவுசரைத் திறந்து, ஒரு புதிய டேபை எடுத்துக்கொள்ளுங்கள். குரோம் அல்லது எட்ஜ் என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், ஜே ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஃபயர்பாக்ஸ் என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், கே. திரையின் ஒரு பக்கத்தில் கன்சோல் என்னும் பகுதி திறக்கும். அங்கே கர்சர் கண்சிமிட்டும். நாம் தட்டும் கட்டளைகளைப் பிரவுசர் அங்கேயே இயக்கிக் காட்டும்.

முக்கிய எச்சரிக்கை: கன்சோலில் நீங்கள் புரிந்துகொண்டு உங்கள் கையால் தட்டியதை மட்டுமே இயக்குங்கள். "இதை காப்பி செய்து கன்சோலில் ஒட்டினால் பரிசு கிடைக்கும்" என்று யாராவது அனுப்பினால் தொடவே வேண்டாம். வங்கித் தளமோ மின்னஞ்சலோ திறந்திருக்கும் டேபில் அப்படிச் செய்தால் உங்கள் கணக்கே பறிபோகலாம்.

இன்னொரு விஷயம். இந்தப் பக்கத்தில் எல்லாமே தமிழ் எழுத்தில் இருப்பதால் ஜாவாஸ்கிரிப்டின் கட்டளைச் சொற்களை உச்சரிப்பின்படி கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டல் இதோ:

ஃபார் – எஃப், ஓ, ஆர்
வைல் – டபிள்யூ, ஹெச், ஐ, எல், இ
லெட் – எல், இ, டி
ஆஃப் – ஓ, எஃப்
கன்சோல்.லாக் – சி, ஓ, என், எஸ், ஓ, எல், இ, புள்ளி, எல், ஓ, ஜி

கட்டளைச் சொற்கள்தான் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மதிப்புகளைப் போட்டு வைக்க நாம் சூட்டும் பெயர்களை, அதாவது மாறிகளின் பெயர்களை, தமிழிலேயே வைக்க ஜாவாஸ்கிரிப்ட் அனுமதிக்கிறது. கீழே வரும் எண், கடன், மாதம் போன்றவற்றை அப்படியே தமிழில் தட்டலாம். உங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சு வசதி இல்லையென்றால் அவற்றுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துங்கள். எந்தப் பெயரை வைத்தாலும் நிரல் முழுவதும் அதே பெயராக இருக்க வேண்டும்.

நிரலைத் தட்டும்போது அடுத்த வரிக்குச் செல்ல ஷிப்ட் கீயுடன் எண்டர் கீயை அழுத்துங்கள். கடைசி வரி முடிந்த பிறகு எண்டர் மட்டும் அழுத்தினால் நிரல் ஓடும்.

ஃபார் லூப்: எத்தனை முறை என்று தெரிந்தால்

ஏழாம் வாய்ப்பாட்டை 16 வரை திரையில் வரவழைக்க வேண்டும். லூப் இல்லாமல் எழுதினால் 16 வரிகள் எழுத வேண்டும். லூப் இருந்தால் மூன்றே வரிகள்.

ஃபார் (லெட் எண் = 1; எண் <= 16; எண்++) {
 கன்சோல்.லாக்(எண் + " * 7 = " + எண் * 7);
}

தட்டிவிட்டு எண்டர் அழுத்துங்கள். 1 * 7 = 7 என்று தொடங்கி 16 * 7 = 112 வரை மளமளவென்று வந்து நிற்கும். நட்சத்திரக் குறிதான் ஜாவாஸ்கிரிப்டில் பெருக்கல் குறி. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் "அன்டிஃபைன்ட்" என்று ஒரு சொல் வரும். பயப்பட வேண்டாம். "திருப்பித் தருவதற்கு என்னிடம் விடை எதுவும் இல்லை" என்று கன்சோல் சொல்கிறது, அவ்வளவே.

இப்போது முதல் வரியைப் பாருங்கள். பிறை அடைப்புக்குள் மூன்று பகுதிகள் உள்ளன. அவற்றை அரைப்புள்ளி பிரிக்கிறது.

1. லெட் எண் = 1 – தொடக்கம். எண் என்னும் மாறியில் 1 என்ற மதிப்பைப் போடுகிறோம். இது ஒரே ஒரு முறைதான் நடக்கும்.

2. எண் <= 16 – நிபந்தனை. ஒவ்வொரு சுற்று தொடங்கும் முன்பும் இது சரிபார்க்கப்படும். உண்மை என்றால் உள்ளே போகும். பொய் என்றால் லூப் முடிந்தது.

3. எண்++ – மாற்றம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எண்ணின் மதிப்பு ஒன்று கூடும்.

நெளிவு அடைப்புக்குள் இருப்பது லூப்பின் உடல். ஒவ்வொரு சுற்றிலும் செய்ய வேண்டிய வேலையை அங்கே எழுதுகிறோம்.

முதலில் எண் 1. 1 என்பது 16-க்குள் இருக்கிறதா? ஆம். ஒரு வரி அச்சாகிறது. எண் 2 ஆகிறது. மீண்டும் அதே கேள்வி. இப்படியே 16-ஆவது வரியும் அச்சான பிறகு எண் 17 ஆகிறது. 17 என்பது 16-க்குள் இருக்கிறதா? இல்லை. லூப் நின்றுவிடுகிறது. ஆக, 16 முறை உடல் ஓடியிருக்கிறது. ஆனால் நிபந்தனை 17 முறை சரிபார்க்கப்பட்டிருக்கிறது. கடைசியாக "இல்லை" என்று விடை வந்த அந்த 17-ஆவது முறைதான் லூப்பை நிறுத்தியது.

தொடக்கம், நிபந்தனை, மாற்றம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் லூப் சரியாக நிற்கும். ஒன்று தவறினாலும் சிக்கல்தான்.

ஒன்று கூடும், ஒன்று குறையும்

மேலே உள்ள நிரலில் <= என்பதற்குப் பதிலாக < என்று மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். மேல் நோக்கிய அம்புக்குறி கீயை அழுத்தினால் முன்பு தட்டிய நிரல் திரும்ப வரும். அதில் சமக்குறியை மட்டும் நீக்குங்கள். வாய்ப்பாடு 15-உடன் நின்றுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நிரல் சரியாகவே ஓடியது. நீங்கள் சொன்னதைத்தான் அது செய்தது.

புரோகிராமர்கள் இதனை ஒன்று பிசகிய பிழை என்பார்கள். வேலி போடும்போதும் இது வரும். 100 அடி நீளத்துக்கு வேலி. 10 அடிக்கு ஒரு கல்கால் நட வேண்டும். எத்தனை கால்கள் வாங்குவீர்கள்? சட்டென்று பத்து என்று சொல்லத் தோன்றும். நட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் நிற்கும் காலையும் சேர்த்தால் பதினொன்று. லூப்பில் முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் மட்டும் தாளில் எழுதிப் பார்த்துவிட்டால் இந்தப் பிழையைத் தவிர்த்துவிடலாம்.

வைல் லூப்: எத்தனை முறை என்று தெரியாவிட்டால்

வாய்ப்பாட்டில் 16 முறை என்று முன்கூட்டியே தெரியும். சில வேலைகளில் எத்தனை முறை என்பதே நாம் கண்டுபிடிக்க வேண்டிய விடையாக இருக்கும். அங்கேதான் வைல் லூப் பயன்படுகிறது. "இந்த நிபந்தனை உண்மையாக இருக்கும் வரை செய்துகொண்டே இரு" என்பது இதன் பொருள்.

நம் வீடுகளில் நடக்கும் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 50,000 ரூபாய் கடன். நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டி. பேச்சு வழக்கில் ரெண்டு வட்டி. மாதம் 2,000 ரூபாய் கட்டுகிறோம். கட்டும் பணத்தில் அந்த மாத வட்டி போக மிச்சம் அசலில் கழிகிறது. கடன் எத்தனை மாதத்தில் தீரும்?

லெட் கடன் = 50000;
லெட் மாதம் = 0;
வைல் (கடன் > 0) {
 கடன் = கடன் + கடன் * 2 / 100 - 2000;
 மாதம்++;
}
கன்சோல்.லாக்(மாதம்);

இங்கும் அதே மூன்று பகுதிகள் உள்ளன. இடம்தான் மாறியிருக்கிறது. தொடக்கம் லூப்புக்கு வெளியே மேலே இருக்கிறது. நிபந்தனை பிறை அடைப்புக்குள் இருக்கிறது. மாற்றம் உடலுக்குள் இருக்கிறது. நான்காவது வரியைக் கவனியுங்கள். சமக்குறிக்கு வலப்பக்கம் உள்ளதை முதலில் கணக்கிட்டு, வரும் விடையை மீண்டும் கடன் என்னும் மாறியிலேயே போடுகிறது. பழைய கடன், அதனுடன் வட்டி, அதிலிருந்து கட்டிய பணம். இதுவே புதிய கடன்.

எண்டர் அழுத்தினால் விடை 36 என்று வரும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 35 மாதம் கட்டி முடித்த பிறகு மிச்சமிருப்பது வெறும் 5 ரூபாய் 52 காசு. அதுவும் பூஜ்யத்தைவிடப் பெரியதுதானே? நிபந்தனை இன்னும் உண்மை. அதனால் லூப் இன்னொரு சுற்று போய்விட்டது. கம்ப்யூட்டரிடம் "ஐந்து ரூபாய்தானே, விடுங்கள்" என்ற பேச்சே கிடையாது.

இப்போது 2000 என்பதை 1500 என்று மாற்றி ஓட்டுங்கள். பெயர் ஏற்கனவே அறிவிக்கப்பட்டுவிட்டது என்ற பொருளில் பிழைச்செய்தி வந்தால் எஃப்5 கீயை அழுத்திப் பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் தட்டுங்கள். விடை 56 மாதம். மாதம் 2,000 கட்டினால் மொத்தம் கட்டுவது சுமார் 70,000 ரூபாய். மாதம் 1,500 கட்டினால் சுமார் 83,200 ரூபாய். தவணை ஐந்நூறு குறைந்ததால் 20 மாதம் கூடுதல், சுமார் 13,000 ரூபாய் கூடுதல். 1100 என்று போட்டால் 122 மாதம். பத்து ஆண்டுக்கு மேல்!

1000 என்று போட்டால்? சற்றுப் பொறுங்கள். எண்டரைத் தட்டிவிடாதீர்கள். முதலில் தாளில் போட்டுப் பார்ப்போம்.

நிற்காத லூப்

50,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,000 ரூபாய். நாம் கட்டுவதும் 1,000 ரூபாய். மாத முடிவில் கடன் எவ்வளவு? அதே 50,000. அடுத்த மாதம்? அதே 50,000. நிபந்தனை எப்போதும் உண்மை. இந்த லூப் நிற்கவே நிற்காது. இதற்கு முடிவிலா மடக்கு என்று பெயர்.

இதனை ஓட்டிவிட்டால் அந்த டேப் உறைந்துவிடும். காரணம் என்ன? ஒரு வலைப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலையும், அந்தப் பக்கத்தில் நீங்கள் செய்யும் கிளிக்குகளையும் கவனிப்பவர் ஒருவர்தான். ஒரே ஒரு மாஸ்டர் இருக்கும் மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தால் மற்ற ஆர்டர்கள் எல்லாம் காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் கிளிக்குகளும் அப்படியே காத்திருக்கும்.

இப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம். கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. சிறிது நேரத்தில் பக்கம் பதிலளிக்கவில்லை என்று பிரவுசரே அறிவித்து, காத்திருக்கலாமா, வெளியேறலாமா என்று கேட்கும். வெளியேறும்படி சொல்லுங்கள். அல்லது அந்த டேபை மூடிவிடுங்கள். குரோமில் ஷிப்ட் கீயுடன் எஸ்கேப் கீயை அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் அந்த டேபைத் தேர்வு செய்து நிறுத்தலாம். ஒரு நிரலைப் பரிசோதிக்கும் முன் மற்ற டேபுகளில் பாதியில் இருக்கும் வேலைகளைச் சேமித்துவிடுவது நல்ல பழக்கம்.

பிரேக் போடுவது எப்படி?

நிற்குமா நிற்காதா என்று சந்தேகமாக இருக்கும் லூப்புக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட வேண்டும். 50 ஆண்டுகள், அதாவது 600 மாதம் தாண்டினால் நிறுத்திவிடு என்று சொல்வோம்.

லெட் கடன் = 50000;
லெட் மாதம் = 0;
வைல் (கடன் > 0 && மாதம் < 600) {
 கடன் = கடன் + கடன் * 2 / 100 - 1000;
 மாதம்++;
}
கன்சோல்.லாக்(மாதம், கடன்);

&& என்னும் குறிக்கு "இதுவும் அதுவும்" என்று பொருள். இரண்டு நிபந்தனைகளும் உண்மையாக இருந்தால்தான் லூப் தொடரும். இப்போது தைரியமாக எண்டர் அழுத்துங்கள். 600 50000 என்று வரும்.

அந்த இரண்டு எண்களைச் சற்று நேரம் பாருங்கள். 600 மாதம், மாதம் ஆயிரம். கட்டிய பணம் ஆறு லட்சம் ரூபாய். வாங்கிய 50,000 அப்படியே நிற்கிறது. "வட்டியைத் தவறாமல் கட்டிக்கொண்டுதானே வருகிறோம்" என்று எத்தனையோ வீடுகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வட்டி மட்டும் கட்டுவது என்பது முடிவிலா மடக்கு. தவணையில் ஒரே ஒரு ரூபாயைக் கூட்டி 1001 என்று போட்டு ஓட்டிப் பாருங்கள். லூப் 349 மாதத்தில் நிற்கும். 29 ஆண்டு ஆகிறது என்றாலும் நிற்கிறது. நிற்கும் லூப்புக்கும் நிற்காத லூப்புக்கும் இடையே ஒரு ரூபாய்தான்! அதே நிரலில் 900 என்று போட்டால் கட்டக் கட்டக் கடன் வளர்ந்துகொண்டே போவதைக் காணலாம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. கிரெடிட் கார்டுகளுக்காக ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட விதிமுறைகளில் இதே விஷயம் இடம்பெற்றது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவந்தும் பாக்கி கூடிக்கொண்டே போகும் நிலை வராதபடி அந்தத் தொகையை அமைக்க வேண்டும் என்று கார்டு நிறுவனங்களுக்கு அது சொன்னது. புரோகிராமர் மொழியில் சொன்னால், ஒவ்வொரு சுற்றும் லூப்பை முடிவிலிருந்து விலக்கிக் கொண்டுபோகக் கூடாது என்பதுதான். உங்கள் வீட்டில் ஏதேனும் கடன் இருந்தால் தொகை, வட்டி, தவணை மூன்றையும் இந்த நிரலில் போட்டுப் பாருங்கள். பத்து வரிக்குள் அடங்கும் ஒரு நிரல் இதைவிடப் பயனுள்ள வேலையைச் செய்வது அரிது.

ஒரு நாள் முழுவதும் உறைந்த கருவிகள்

இத்தகைய பிழை புதியவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று எண்ண வேண்டாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சூன் என்னும் பெயரில் பாட்டுக் கேட்கும் கருவிகளை விற்று வந்தது. 2008 டிசம்பர் 31 அன்று அவற்றில் 30 ஜிபி மாடல் கருவிகள் எல்லாம் ஒரே நாளில் உறைந்துபோயின. காரணம் ஒரு வைல் லூப்.

1980-ஆம் ஆண்டு முதல் கழிந்த நாட்களின் எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் லூப் அது. "நாட்கள் 365-ஐவிட அதிகமாக இருக்கும் வரை செய்" என்பது நிபந்தனை. சாதாரண ஆண்டு என்றால் 365 நாட்களைக் கழித்து ஆண்டை ஒன்று கூட்டும். லீப் ஆண்டு என்றால், நாட்கள் 366-ஐவிட அதிகமா என்று பார்த்து, அதிகமாக இருந்தால் மட்டும் 366-ஐக் கழிக்கும். 2008 லீப் ஆண்டு. அதன் கடைசி நாள் 366-ஆவது நாள். 366 என்பது 365-ஐவிட அதிகம். எனவே லூப்புக்குள் போயிற்று. 366 என்பது 366-ஐவிட அதிகமா? இல்லை. எனவே எதையும் கழிக்கவில்லை. மீண்டும் மேலே போயிற்று. மதிப்பு அதேதான். மீண்டும் உள்ளே போயிற்று. மாற்றம் என்னும் மூன்றாவது பகுதி அந்த ஒரு நாளில் மட்டும் நடக்கவே இல்லை. பேட்டரி தீரும் வரை விட்டு, மறுநாள் சார்ஜ் செய்து இயக்கும்படி நிறுவனம் அறிவித்தது. தேதி 2009-க்கு மாறியதும் கருவிகள் பழையபடி ஓடின.

வாய்ப்பாட்டில் நாம் பார்த்த அதே விஷயம்தான் இது. எல்லையில் நிற்கும் அந்த ஒரு மதிப்பைச் சோதிக்காமல் விட்டதால் வந்த வினை.

எளிதில் விழும் மூன்று பள்ளங்கள்

ஒன்று: வைல் (கடன் > 0); என்று பிறை அடைப்பு முடிந்ததும் அரைப்புள்ளி வைத்துவிடுவது. லூப்பின் உடல் காலி என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். கடன் மாறவே மாறாது. டேப் உறையும்.

இரண்டு: நிபந்தனையில் எண் <= 16 என்பதற்குப் பதிலாக எண் = 16 என்று போடுவது. ஒற்றைச் சமக்குறி ஒப்பிடாது, மதிப்பைப் போட்டுவிடும். ஒவ்வொரு முறையும் எண் 16 ஆகிவிடும். பூஜ்யம் அல்லாத எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் உண்மை என்றே கொள்ளும். எனவே இதுவும் நிற்காது.

மூன்று: வைல் லூப்பின் உடலில் மாற்றத்தை எழுத மறப்பது. ஃபார் லூப்பில் மூன்று பகுதிகளும் ஒரே வரியில் கண்ணெதிரே இருப்பதால் இப்படி மறக்கும் வாய்ப்பு குறைவு. எத்தனை முறை என்று தெரிந்த இடங்களில் ஃபார் லூப்பை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டியலுக்கு ஏற்ற லூப்

வலைத்தளங்களில் பெரும்பாலும் நம் வேலை பட்டியல்களுடன்தான். பல மதிப்புகளை ஒரே பெயரில் வரிசையாக வைப்பதற்கு அணி என்று பெயர். சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும்.

லெட் சாமான் = ["அரிசி", "துவரம் பருப்பு", "புளி", "உப்பு"];
ஃபார் (லெட் பொருள் ஆஃப் சாமான்) {
 கன்சோல்.லாக்(பொருள்);
}

"சாமான் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் இதைச் செய்" என்று இதனைப் படிக்கலாம். தொடக்கம், நிபந்தனை, மாற்றம் மூன்றையும் ஜாவாஸ்கிரிப்டே கவனித்துக்கொள்ளும். பட்டியல் தீர்ந்ததும் லூப் தானாக நிற்கும். நான்கு பொருள் இருந்தாலும் நானூறு இருந்தாலும் நிரல் மாறாது. 2015-இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பில் இந்த வசதி சேர்க்கப்பட்டது. லெட் என்னும் சொல்லும் அதே பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய புத்தகங்களில் அதற்குப் பதிலாக வார் என்னும் சொல்லைக் காண்பீர்கள்.

இனி உண்மையான வலைப்பக்கம் ஒன்றில் முயல்வோம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதேனும் ஒரு கட்டுரையைத் திறந்து, அந்த டேபிலேயே கன்சோலை வரவழையுங்கள். கீழே உள்ளதைத் தட்டுங்கள்.

ஃபார் (லெட் இணைப்பு ஆஃப் டாக்குமென்ட்.லிங்க்ஸ்) {
 கன்சோல்.லாக்(இணைப்பு.டெக்ஸ்ட்கன்டென்ட்);
}

டாக்குமென்ட் – டி, ஓ, சி, யூ, எம், இ, என், டி. லிங்க்ஸ் – எல், ஐ, என், கே, எஸ். டெக்ஸ்ட்கன்டென்ட் – டி, இ, எக்ஸ், டி, சி, ஓ, என், டி, இ, என், டி. கடைசிச் சொல்லின் நடுவில் வரும் சி மட்டும் பேரெழுத்தாக இருக்க வேண்டும்.

எண்டர் அழுத்தியதும் அந்தப் பக்கத்தில் உள்ள இணைப்புகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்து விழும். பக்கத்தில் எத்தனை இணைப்புகள் என்று நாம் எண்ணவும் இல்லை, சொல்லவும் இல்லை. லூப் தானே கடைசி வரை சென்று திரும்பிவிட்டது.

செய்து பாருங்கள்

1. 10-இலிருந்து 1 வரை இறங்கு வரிசையில் அச்சிடுங்கள். ஒன்றைக் குறைக்க எண்-- என்று எழுத வேண்டும்.

2. 1 முதல் 100 வரை உள்ள எண்களின் கூட்டுத்தொகையைக் கண்டுபிடியுங்கள். லூப்புக்கு வெளியே மொத்தம் என்னும் மாறியில் 0 போட்டுத் தொடங்குங்கள். விடை 5050 வர வேண்டும்.

3. கடன் நிரலில் மாதம் 3,000 கட்டினால் எத்தனை மாதம்? விடை 21.

4. இந்த லூப் எங்கே நிற்கும்? ஓட்டாமல் தாளில் மட்டும் சொல்லுங்கள்: ஃபார் (லெட் எண் = 10; எண் > 0; எண்++). நிற்காது என்று சொன்னால் உங்களுக்குப் பாடம் புரிந்துவிட்டது. 10-இலிருந்து மேலே ஏறும் எண் எப்படி பூஜ்யத்துக்கு இறங்கும்?

இனி எந்த லூப்பை எழுதினாலும் எண்டர் தட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கே தொடங்குகிறது? எந்த நிபந்தனை பொய்யானால் நிற்கும்? ஒவ்வொரு சுற்றும் அந்த முடிவை நோக்கி ஓர் அடியாவது நகர்கிறதா? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியவில்லை என்றால் எண்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு தாளையும் பேனாவையும் எடுங்கள்.

இப்போது நாம் எழுதிய கடன் நிரலைத் தொகை மாறும்போதெல்லாம் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு முறை எழுதி, வேண்டியபோது வேறு வேறு தொகைகளுடன் அழைத்துக்கொள்ள ஃபங்ஷன் என்னும் வசதி இருக்கிறது. அதனை அடுத்த இதழில் பார்ப்போம்.